மாமா பார்த்த மலைக்குளம்: லடாக் நாட்குறிப்பு

ஜூலை 19, லே

விமானப் படியில் கால் வைத்ததுமே கண் கூசியது. காலை ஏழேகால்தான் ஆகியிருந்தது, வெயில் நம் ஊர் உச்சி வெயில்போல அடித்தது. நிழலுக்குப் போனால் குளிர், வெயிலுக்கு வந்தால் முதுகு சுடுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி நடந்திருப்பேன், மூன்று மாடி ஏறியவன்போல மூச்சு வாங்கியது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மாமாவுக்காக வந்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒரே தம்பி. இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானி. ஹக்கீம்பேட்டையில் பயிற்சி, 1980-களில் இரண்டு தடவை லேயில் பணி. போன கார்த்திகையில் தவறிப்போனார். அவருடைய தகரப் பெட்டியில் சட்டைப்பை அளவில் மூன்று நோட்டுகளும் ஒரு பைனாகுலரும் இருந்தன. நோட்டில் சண்டைக் கதை இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். பக்கம் பக்கமாகக் காற்று, பறவை, நடந்த தூரம், எந்த வீட்டில் டீ கொடுத்தார்கள் என்பது. சோ கர் என்ற ஏரியைப் பற்றி மட்டும் பதினோரு பக்கம். அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அந்த மலைக்குளத்த நீயாவது ஒரு தரம் பாத்துட்டு வாய்யா" என்றாள். கிளம்பும்போது இரண்டு கிலோ உடன்குடிக் கருப்பட்டியை மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்தாள். மாமா ஒவ்வொரு தடவையும் லீவு முடிந்து திரும்பும்போது கருப்பட்டி கொண்டுபோவாராம்.

தங்கியிருப்பது சாங்ஸ்பாவில் ஒரு வீட்டில். இரவுக்கு 1,400 ரூபாய், காலை உணவு சேர்த்து. வீட்டம்மாவை எல்லோரும் 'அமா-லே' என்கிறார்கள், அம்மா என்று அர்த்தம். பெயருக்குப் பின்னால் வரும் 'லே' நம் 'ங்க' மாதிரி மரியாதைக்கு. வந்தவுடன் 'கம்பிர்' என்ற தடித்த ரொட்டியும் ஆப்ரிகாட் பழ ஜாமும் வைத்தார். அப்புறம் விரலை ஆட்டி, "இரண்டு நாள் தூக்கம். வேறு ஒன்றும் வேண்டாம்" என்று இந்தியில் சொன்னார்.

கேட்டிருக்க வேண்டும். மதியம் தூங்கி எழுந்ததும் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு சாந்தி ஸ்தூபிக்குக் கிளம்பிவிட்டேன். ஐந்நூறுக்கு மேல் படிகள். பாதியில் ஒரு பிக்கு என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் மூச்சு அடங்கும்வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. வெளியூர் ப்ரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது. எனக்குத் தெரியாது. அம்மா மூன்று மணி நேரம் தவித்துப் போயிருக்கிறாள். வீட்டு வைஃபையில்தான் கூப்பிட முடிந்தது.

ஜூலை 20, லே

ராத்திரி முழுக்கத் தலை பிளந்தது. இரண்டு தடவை வாந்தி. அமா-லே திட்டவில்லை. பூண்டு தட்டிப்போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றார். பகல் முழுக்கப் படுக்கைதான். ஜன்னலுக்கு வெளியே பாப்லர் மரங்கள், அதற்குப் பின்னால் ஸ்டோக் மலையின் பனி. படுத்துக்கொண்டே நோட்டுகளை முதலிலிருந்து வாசித்தேன்.

மாமாவின் ஊர் நாங்குநேரிப் பக்கம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இரண்டு மலைக்கு நடுவில் நெருக்குண்டு, வேகம் கூடி, இந்தப் பக்கம் வந்து விழும். சைக்கிளில் எதிர்க்காற்றில் போனால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இப்போது அங்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. முதல் நோட்டில் ஒரு பக்கத்தில் மாமா இப்படி எழுதியிருக்கிறார்: "கணவாய் எல்லா ஊரிலும் கணவாய்தான். ஆடிக் காற்றில் பள்ளிக்கூடம் போனவனுக்கு இது புதிது இல்லை. மேலே ஏறுகிற காற்று எந்தச் சரிவில், விழுகிற காற்று எந்தச் சரிவில் என்று முதலில் பார்."

அவர் ஓட்டியது சீட்டா. பிரான்சின் லாமா ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியது. சின்ன வண்டி, கண்ணாடிக் குமிழி மாதிரி முன்புறம், எலும்புக்கூடு மாதிரி வால். 1984 ஏப்ரல் 13-ல் மேகதூத் நடவடிக்கையில் இந்தியப் படைகள் சியாச்சின் பனியாற்றில் ஏறியதிலிருந்து, அந்த உயரத்துக் காவல் நிலைகளுக்கு இந்த வண்டிதான் உயிர்நாடி. மேலே போகப் போகக் காற்று மெலியும், சுழலும் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இஞ்சினும் இளைக்கும். அதனால் மிக உயரத்தில் இருக்கிற நிலைகளுக்கு ஒரு நடையில் சில கேன் மண்ணெண்ணெய் அளவுதான் சுமை. இறங்கினாலும் இஞ்சினை நிறுத்த மாட்டார்கள், இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது மாமா என்னைக் களக்காட்டு மலைக்குக் கூட்டிப்போனார். வழியில் இறக்கை முளைத்த ஒரு விதையைப் பொறுக்கி மேலே எறிந்தார். அது சுழன்று சுழன்று மெதுவாக இறங்கியது. "இஞ்சின் நின்னுட்டா எங்க வண்டியும் இப்படித்தான் இறங்கும். கீழ இருந்து வர்ற காத்து இறக்கையைச் சுத்திவிடும்" என்றார். பிறகு ழான் புலேயின் கதையைச் சொன்னார். 1972 ஜூன் 21-ல் அந்த பிரெஞ்சு விமானி லாமாவில் 12,442 மீட்டர் ஏறினார். உச்சியில் இஞ்சின் அணைந்துவிட்டது. அங்கிருந்து தரைவரை இந்த விதை மாதிரியே இறங்கி வந்து சேர்ந்தார். எனக்கு அன்று ஹெலிகாப்டரைவிட அந்த விதைதான் பெரிதாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது நோட்டில் ஒரு நாளுக்கு நான்கு வரிகள். "நாலு நடை. கடைசி நடையில் கால் கருகிப்போன பையன் ஒருவன். வழியெல்லாம் அம்மா அம்மா என்றான். தமிழா மலையாளமா கேட்கவில்லை. சாயங்காலம் சிந்து ஆற்றங்கரையில் இரண்டு மைனா அளவுப் பறவை, பெயர் தெரியவில்லை." பனிக்கடியில் விரலும் பாதமும் கறுத்துப்போவதைத்தான் 'கருகி' என்று எழுதியிருக்கிறார். இந்த நான்கு வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் வீட்டில் அவர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. லீவில் வந்தால் விடியுமுன் எழுந்து குளத்தங்கரைக்குப் போய்விடுவார். வேலைக் களைப்பை மறக்கப் போகிறார் என்று நினைத்திருந்தோம்.

ஜூலை 21, ஸ்பிதுக்

தலை தெளிந்துவிட்டது. அமா-லேயிடம் அனுமதி கேட்டேன், ஆமாம், கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஸ்பிதுக் கோம்பா ஒரு சின்னக் குன்றின்மேல் இருக்கிற பௌத்த மடம். அதன் காலடியில் லே விமான நிலையத்தின் ஓடுதளம், மறுபக்கம் சிந்து. மாமாவின் நோட்டில் இந்தக் குன்று அடிக்கடி வருகிறது. விடுமுறை நாளில்கூட இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நானும் உட்கார்ந்தேன். ஓடுதளத்தைப் படம் எடுக்கக் கூடாது, நோட்டில் எழுத யாரும் தடை சொல்லவில்லை. ஒன்பது மணிவரை பிரார்த்தனைக் கொடிகள் சோம்பலாக ஆடின. பத்தரைக்குப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தன. பதினொன்றரைக்குப் பள்ளத்தாக்கில் புழுதி எழுந்தது. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலே கிளம்பி, பள்ளத்தாக்கே ஒரு ஊதுகுழல் ஆகிவிடுகிறது. லேக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் அலகு வைத்த கருங்காக்கைகள் ஒரு இருபது, குன்றின் ஓரத்தில் மேலேறும் காற்றில் இறக்கையை ஆட்டாமல் நின்றன. கொஞ்சம் தள்ளி வந்தால் தடுமாறுகின்றன, திரும்ப அதே இடத்துக்குப் போகின்றன. மேலேறும் காற்று எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டின மாதிரி இருந்தது.

இங்கே உட்கார்ந்ததும் அவருக்கு வேலைதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. குளத்தங்கரையும் அப்படித்தான் இருந்திருக்கும். வேலையும் விருப்பமும் அவருக்கு இரண்டாக இருக்கவில்லை.

கீழே இந்த ஓடுதளம் வந்த கதையையும் அவர்தான் எனக்குச் சொன்னார். 1948-ல் பாகிஸ்தான் பக்கத்துப் படைகள் லேயை நெருங்கிக்கொண்டிருந்தன. சாலை கிடையாது. சோனம் நோர்பு என்ற லடாக்கி பொறியாளர், ஊர் ஆட்களை வைத்து, மண்ணையும் கல்லையும் சமப்படுத்தி ஒரு தளம் போட்டார். மே 24-ம் தேதி ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை, வரைபடம் சரியாக இல்லாத மலைகளுக்கு மேல் ஓட்டிவந்து இங்கே இறக்கினார். கூடவே ஜெனரல் திம்மையா. அந்த விமானத்தில் காற்றழுத்தம் வைத்த அறைகூடக் கிடையாது. மாமா இதைச் சொல்லும்போது மெஹர் சிங்கைப் பற்றிப் பாதி, சோனம் நோர்புவைப் பற்றிப் பாதி சொல்வார். "இறக்கினவன் பேர் எல்லாருக்கும் தெரியும், தளம் போட்டவன் பேரையும் தெரிஞ்சுக்கோ" என்பார்.

திரும்பும்போது ஒரு கடையில் துக்பா. நூடுல்ஸ் போட்ட ஆவி பறக்கும் சூப், 180 ரூபாய். முழுக் கிண்ணத்தையும் காலி செய்தேன்.

ஜூலை 22, லே

சோ கர் போக வண்டி பேசினேன். பேசினேன் என்பது சரியில்லை, டாக்சி யூனியன் அட்டையில் விலை போட்டிருக்கிறது, அதுதான் விலை. ஒரு இரவு தங்கலோடு 13,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பங்கு போட ஆள் கிடைக்கவில்லை. கடைவீதியில் தரையில் விரித்து உட்கார்ந்த பாட்டிகளிடம் புது ஆப்ரிகாட் பழம் அரைக் கிலோ வாங்கினேன். தோல் மெல்லியது, தேன் மாதிரி இருக்கிறது. கொட்டையைத் தூக்கிப்போடப் போனேன், பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, கல்லால் உடைத்துப் பருப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 23, சோ கர்

சுமார் 160 கிலோமீட்டர். சிந்துவை ஒட்டியே உப்ஷி வரை. அங்கே டீக்கடையில் மஞ்சள் பையை மேசைமேல் வைத்தேன். பையில் திருநெல்வேலி ஜவுளிக்கடைப் பெயர் தமிழில் அச்சடித்திருக்கும். பக்கத்து மேசையில் இருந்த ராணுவ வீரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, "அண்ணே, நம்ம ஊரா?" என்றார். தென்காசிப் பக்கமாம். லீவில் போய்ப் பதினோரு மாதம் ஆகிறதாம். கருப்பட்டியில் ஒரு வட்டை எடுத்து நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார், சாப்பிடவில்லை, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டார். தடுத்தும் கேட்கவில்லை.

தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்கக் கூடாது என்று ஓட்டுநர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவரை 'அச்சோ-லே' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன், அண்ணன் என்று பொருள். என்னைவிட வயது குறைந்தவராகத்தான் இருப்பார், ஆனாலும் அந்த உயரத்தில் அவர் அண்ணன்தான். கணவாயில் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. ஜூலை மாதத்தில் முகத்தில் பனித்தூள் அடித்தது. இறங்கி வந்து சமவெளியில் டயர் பஞ்சர். அவர் டயர் மாற்ற, நான் நட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு நட்டைத் திருகி முடிப்பதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினார். இங்கேயே பிறந்தவருக்கே அப்படி என்றால் இந்த உயரத்தில் வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறவனின் கை எப்படி இருந்திருக்கும்!

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரி தெரிந்தது. சோ கர் என்றால் வெள்ளை ஏரி. கரையெல்லாம் உப்பு பூத்து வெளுத்துக் கிடக்கிறது. முன்காலத்தில் சாங்பா என்னும் நாடோடி மேய்ப்பர்கள் இங்கே உப்பு எடுத்து ஆட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்த் தானியத்துக்கு மாற்றுவார்களாம். தூரத்தில் கியாங் எனும் காட்டுக் கழுதைகள் ஏழெட்டு, செம்மண் நிறத்தில், ஒரே வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன.

துக்ஜே கிராமத்தில் ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 1,800 ரூபாய். இரவு ஸ்க்யூ: கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்தி, காய்கறியோடு வேகவைத்தது. நடு அறையில் சாண அடுப்பு. நான் கருப்பட்டியை எடுத்து வைத்தேன். வீட்டுப் பாட்டி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் சப்பினார். இன்னொரு துண்டை வெண்ணெய் டீயில் போட்டுக் கலக்கினார். உப்பு டீயில் கருப்பட்டி! குடித்துப் பார்த்தேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. மாமாவின் நோட்டில், கருப்பட்டி கொடுத்துக் காய்ந்த பாலாடைக்கட்டி வாங்கியதாக ஒரு வரி இருக்கிறது. பாட்டியிடம் அச்சோ-லே மூலமாகக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. "அந்தக் காலத்தில் ஹெலிகாப்டர்காரர்கள் வந்தால் குழந்தைகள் ஓடுவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 24, சோ கர்

நாலரை மணிக்கு எழுந்தேன். வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய பனி ஏடு. இருந்த உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, மாமாவின் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பெரிய ஏரி உப்பு. அதன் தெற்கே ஒட்டினாற்போல் ஒரு நன்னீர் ஏரி, ஸ்டார்ட்சபுக் சோ. புல்லும் சேறும் அங்கேதான், பறவைகளும் அங்கேதான்.

சத்தம்தான் முதலில் வந்தது. மூக்கால் பேசுகிற மாதிரி, ஆங் ஆங் என்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தில் இருட்டோடு கேட்கிற சத்தம்.

வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை, சாம்பல் உடம்பு, மஞ்சள் கால். குளிர்காலத்தில் எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு வந்து, அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு, பங்குனிக்குள் கிளம்பிப் போய்விடும். கூந்தன்குளத்து ஆட்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மாமா அரைக்கால் சட்டை வயதில் அந்தக் குளத்தங்கரையில் மாடு மேய்த்தவர். இது எங்கே போகிறது என்று வாத்தியாரிடம் கேட்டாராம். "இமயமலைக்கு அப்பால" என்றாராம் வாத்தியார். அந்த ஒரு பதில்தான் தன்னை விமானப்படைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

மங்கோலியா, திபெத், லடாக் ஏரிகளில் இவை குஞ்சு பொரிக்கின்றன. இமயத்தைத் தாண்டும் வாத்துகளின் உடம்பில் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அதிகபட்சம் 7,290 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. ஆனால் வீண் உயரம் ஏறுவதில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகின்றன. அடர்த்தியான காற்றில் இறக்கையடிக்கச் செலவு குறைவு. அதிகமும் இரவிலும் விடிகாலையிலும்தான் கடக்கின்றன, குளிர்ந்த காற்று கனம் என்பதால். மாமா காலமெல்லாம் செய்ததும் இதேதான்: விடியுமுன் கிளம்பு, பள்ளத்தாக்கை ஒட்டிப் போ, வெயில் ஏறுமுன் திரும்பு. அந்த ஆராய்ச்சி முடிவுகள் 2011 முதல் வந்தவை. மாமாவின் நோட்டு 1986.

கரையிலிருந்து நல்ல தூரத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு ஜோடி, ஐந்து குஞ்சுகள். குஞ்சுகள் அழுக்கு மஞ்சளில், கழுத்து நீண்டு, அழகு என்று சொல்ல முடியாத வயதில் இருந்தன. இன்னும் தள்ளி நாற்பது ஐம்பது பெரிய வாத்துகள். ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. கரையில் சாம்பல் நிற இறகுகள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. அப்போதுதான் அந்தப் பதினோரு பக்கத்தின் முதல் பக்கம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அந்த வருடம் மாமாவுக்குக் காதில் கோளாறு. ஆறு வாரம் பறக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிவிட்டார். விமானிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. திரும்பச் சேர்ப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. அவர் ஊருக்கு வரவில்லை. ராணுவ லாரியில் ஏறி இங்கே வந்துவிட்டார். எழுதியிருப்பது இது:

"எல்லாம் இறகு உதிர்த்துவிட்டுக் கிடக்கின்றன. இமயத்தையே தாண்டிப் பறக்கிற பறவை, ஒரு அடி எழும்ப முடியாமல் சேற்றில் ஓடுகிறது. நீந்துகிறது. புல் தின்கிறது. குஞ்சுக்கு வழி காட்டுகிறது. இதற்காக எதுவும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. புது இறகு வரும்வரை இப்படித்தான்."

குஞ்சு வளர்க்கிற இந்த நாட்களில் பெரிய வாத்துகள் சிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். சில வாரம் பறக்க முடியாது. அதை மாமா எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை, இங்கே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆறு வாரம் கழித்துக் காது சரியாகி அவர் திரும்பப் பறந்தார். அது அடுத்த நோட்டில் ஒரே வரி: "இன்று இரண்டு நடை."

ஏழரை மணிக்கு இரண்டு கார்கள், பாதையை விட்டு இறங்கி, புல்வெளி மேலேயே ஏரிக்கரை வரை வந்தன. ஒருவர் கதவைத் திறந்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். வாத்துகள் குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் விழுந்தடித்துப் போயின. பறக்க முடியாத பறவை, தப்பிக்க அதற்கு அந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. நான் போய்ச் சொன்னேன். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், மன்னிப்புக் கேட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். ஆனால் டயர் போன தடத்தில் புல் முளைக்க இந்தக் குளிரில் எத்தனை வருடம் ஆகுமோ. இன்னொரு ஆபத்து நாய்கள். முகாம்களின் எச்சில் சாப்பாட்டில் பெருகி, காட்டு நாயாக மாறி, வாத்துக் குஞ்சையும் கருங்கழுத்துக் கொக்கின் குஞ்சையும் பிடிக்கின்றன. பாட்டி வீட்டில் தங்குபவர்கள் மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இங்கே வருகிறவர்கள் தயவுசெய்து தடத்தை விட்டு வண்டியை இறக்காதீர்கள். சாப்பாட்டை வெளியே போடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. ஒரு ஜோடி கொக்குகளையும் பார்த்தேன், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கிளம்பும்போது மிச்சக் கருப்பட்டியைப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் ஒரு துணியில் முடிந்து பாலாடைக்கட்டித் துண்டுகளைக் கொடுத்தார். கல் மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு எடுத்துப்போகிறேன்.

ஜூலை 25, லே

நேற்று இரவு திரும்பினோம். உதடு வெடித்து, மூக்கு தோலுரிந்துவிட்டது. பகலெல்லாம் தூக்கம்.

ஜூலை 26, லே

விமானம் ரத்து. பதினொன்று நாற்பதுக்குக் கிளம்ப வேண்டியது. பத்தரை மணிக்கு என் போனில் வெயில் 34 டிகிரி காட்டியது. உள்ளே முந்நூறு பேர் இருப்போம். முதலில் தாமதம் என்றார்கள், பிறகு ரத்து என்றார்கள், காரணம் வெயில் என்றார்கள். கூட்டம் கொதித்துவிட்டது. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண், "மழைக்கு நிறுத்துவார்கள், வெயிலுக்கு நிறுத்துவார்களா?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. மாமாவின் மூன்றாவது நோட்டை எடுத்துக் காட்டலாம் போலிருந்தது. ஏற்கெனவே மெலிந்த காற்று, வெயிலில் இன்னும் மெலியும். இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், இஞ்சினுக்கு மூச்சு குறையும், மேலே எழும்ப ஓட வேண்டிய தூரம் கூடும். ஓடுதளமோ நீள முடியாது, எதிரே மலை நிற்கிறது. தெரிந்த இந்தியில் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னேன். பால்பாட்டிலுக்கு வெந்நீர் வாங்கிவந்து கொடுத்தேன். என் விளக்கத்தைவிட அந்த வெந்நீர்தான் அவருக்கு உதவியது. மறுநாள் ஆறரை மணி விமானத்துக்கு மாற்றி வாங்க வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. வயதானவர்களுக்கு நாற்காலியாவது போட்டிருக்கலாம்.

பெட்டியோடு திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் அமா-லே ஒன்றும் கேட்காமல் அடுப்பை மூட்டினார். அன்றைய இரவுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். "பறக்கிற காற்று காலையில்தான் இருக்கும்" என்றார்.

ஜூலை 27, டெல்லி

ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம், அவ்வளவு குளிர். ஆறு முப்பத்தைந்துக்கு விமானம் ஓடி, ஸ்பிதுக் குன்றை ஒட்டி எழுந்தது. கோம்பாவின் கொடிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் அந்தக் கருங்காக்கைகள் இன்னும் கிளம்பவில்லை.

டெல்லியில் இறங்கி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"குளத்துல தண்ணி கெடந்துச்சாய்யா?"

"நெறைய கெடந்துச்சும்மா."

"வாத்து?"

"அஞ்சு குஞ்சோட."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள் ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு சொன்னாள்: "இங்க நம்ம குளம் வறண்டுபோய்க் கெடக்கு. அதுக வர்றதுக்குள்ள மழை பெய்யணுமே."